மில்லிக்கும் சென்டிக்கும் நடுவில் ஒரு மலை

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞான மலர் போடுகிறார்கள். கிலோ, சென்டி, மில்லி, மைக்ரோ என்று அலகுகளுக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிற சின்னச் சொற்கள் எங்கிருந்து வந்தன, எதற்கு வந்தன என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கம் கேட்டார்கள். தெரிந்த விஷயம்தானே, சட்டென்று முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, ஊருக்கு ஒரு முழம் சந்தைக்கு ஒரு படி என்றிருந்த குழப்பத்தை ஒழிப்பதற்காக அறிஞர்கள் சிலர் கூடி—"

கைவிட்டேன். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அதுவும் இதைவிட நன்றாக.

இரண்டாவது தொடக்கம்: "வானொலியில் இன்று இத்தனை மில்லிமீட்டர் மழை என்கிறார்களே, அந்த மில்லி—"

இங்கே கை நின்றுவிட்டது. மலைநாட்டில் இப்போதெல்லாம் அந்தச் சொல்லை யாரும் பாடமாகக் கேட்பதில்லை. மழை, மில்லிமீட்டர் என்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தாலே, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், மண் சரிவுக்குப் பயந்து பிள்ளைகளைக் கணக்கெடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வாக்கியத்தை முடிக்க முடியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பெண் நனைந்த அடிமட்டத்தோடு, அதாவது அளவுகோலோடு, மனதில் வந்து நின்றாள். கட்டுரை போயே போய்விட்டது. மலர்க்குழுவிடம் இன்னும் சொல்லவில்லை.

2

அவள் பெயர் நாகலெட்சுமி. டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், அப்படி ஒன்று உண்மையில் இல்லை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கணவன் லெட்சுமணன் தேயிலை ஃபெக்டரியில் உலர்த்துகிற பக்கம் நிற்கிறான்.

[முதலில் அவளை ஆசிரியையாக எழுதினேன். ஆசிரியை இப்படியொரு பிழை விடுவாளா என்று நீங்கள் கேட்பீர்கள் என்று பயந்து மாற்றினேன். பிறகு தோன்றியது, குளிரில் விறைத்த விரலோடு யார் நின்றிருந்தாலும் விட்டிருப்பார்கள். இருந்தாலும் பிள்ளைக்காம்பராவே இருக்கட்டும். தான் பெறாத பிள்ளைகளுக்காக அவள் பயப்பட வேண்டியிருக்கிறது.]

பிள்ளைக்காம்பராவின் முற்றத்தில் மழைமானி ஒன்று வைத்திருந்தார்கள். பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. மேலும் கீழும் ஒரே அகலமாய், நீளமாய் ஒரு பிளாஸ்டிக் குழாய். தினமும் காலையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து மாவட்டக் காரியாலயத்துக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மண் சரிவு வருமா வராதா என்பதை அவர்கள் அங்கே இருந்து பார்த்துக்கொள்வார்கள். மழை நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தொட்டால் சிவப்பு. சிவப்பு என்றால் கட்டிய துணியோடு கிளம்ப வேண்டும்.

குழாயின் மேல் அச்சடித்திருந்த கோடுகள் வெயிலில் அழிந்துபோயிருந்தன. மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் நாகலெட்சுமி ஒரு சின்ன இரும்பு அடிமட்டத்தைக் குழாயோடு சேர்த்துப் பிடித்து அளந்தாள். சாதாரண நாட்களில் தண்ணீர் அடியில் கொஞ்சமாக நிற்கும். சின்னக் கோடுகளை எண்ணுவாள். ஐந்து கோடு, எட்டுக் கோடு. "எட்டு" என்று போனில் சொல்வாள். அவ்வளவுதான். ஒரு கோடு ஒரு மில்லிமீட்டர் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தினமும் எட்டு, ஒன்பது என்று சொல்லிச் சொல்லி, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சொல் இருக்கிறது என்பது மறந்துபோயிருந்தது. உங்களுக்கும் எனக்கும் மறக்கிற மாதிரிதான்.

அன்று காலை, இரவெல்லாம் கொட்டிய மழை ஓயாத நிலையில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் முற்றத்துக்கு வந்தாள். அடிமட்டத்தைப் பிடித்தாள். தண்ணீர் சின்னக் கோடுகளையெல்லாம் தாண்டி ஏறி, அடிமட்டத்தின் மேல்முனையில் பெரிதாய் அச்சடித்திருந்த எண்ணில் போய் நின்றது.

பதினைந்து.

கோடு எண்ணுகிற வேலையில்லாமல் எண் தானாகவே கிடைத்ததில் அவளுக்கு ஒரு சின்ன நிம்மதி கூட வந்தது. அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே, சிக்னல் கிடைக்கிற மேல் வளைவுக்கு ஏறினாள்.

3

மறுமுனையில் இருந்தவர் சிங்கள இளைஞர். நல்லவர். பொழுதுக்கும் நூறு பேர் பேசுகிற போனை ஒற்றை ஆளாய் எடுத்துக்கொண்டிருந்தார். மழை இரைச்சலில் பாதிச் சொல் விழுங்கப்பட்டது.

"கீயத அக்கே?" எவ்வளவு என்று சிங்களத்தில் கேட்டார்.

"பதினஞ்சு. பஹலவ, மாத்தயா."

"பஹலவ? மிலிமீட்டர் பஹலவ நேத?"

"ஒவ் மாத்தயா, பஹலவ."

மில்லிமீட்டர் பதினைந்துதானே என்று அவர் கேட்டதை, எண் சரியா என்று கேட்கிறார் என நினைத்தாள். எண் சரியாகத்தான் இருந்தது. அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அவள் இறங்கி வந்து குழாயைக் கழற்றிக் கவிழ்த்தாள். தண்ணீர் சரேலென்று அவள் காலில் கொட்டியது. உள்ளே ஒரு பிள்ளை அழ, ஓடினாள்.

[ஓர் இடைச்செருகல், கட்டுரையின் மிச்சம். முன்னொட்டுகளை வகுத்தவர்கள் ஓர் ஒழுங்கு வைத்தார்கள். பெருக்குவதற்குக் கிரேக்கச் சொல், பங்குபோடுவதற்கு லத்தீன் சொல். கிலோ என்றால் கிரேக்கத்தில் ஆயிரம். மில்லி வந்ததும் லத்தீனில் ஆயிரம் என்ற சொல்லிலிருந்துதான். ஒன்று ஆயிரம் மடங்கு, மற்றது ஆயிரத்தில் ஒரு பங்கு. சென்டி என்பது நூறு, நூறில் ஒரு பங்கு. மில்லிக்கும் சென்டிக்கும் வித்தியாசம் வெறும் பத்து மடங்கு. பரீட்சையில் ஒரு புள்ளி போகும். இன்னொன்றும் சொல்கிறேன். கண்ணுக்கு எட்டாத அளவுகளுக்குப் பின்னாளில் சேர்த்த ஃபெம்டோ என்று ஒரு முன்னொட்டு இருக்கிறது. டேனிஷ் மொழியில் அதன் மூலச்சொல்லுக்குப் பதினைந்து என்று அர்த்தம். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தற்செயல்தான். அவளுடைய எண்ணை நான் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன்.]

4

பகல் சாப்பாட்டு நேரத்துக்குத் தலைவர் நாகரத்தினம் பிள்ளைக்காம்பராப் பக்கம் வந்தார். தொழிற்சங்கத் தலைவர், லயத்துக்காரர்கள் எதற்கும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மழைக்கு அன்று வேலை நிறுத்தியிருந்தார்கள். தாய்மார் சிலர் பிள்ளைகளோடு அங்கேயே அடுப்போரம் குந்தியிருந்தார்கள்.

"ஒண்ணும் பயமில்ல," என்றார் நாகரத்தினம், குடையை மடக்கிக்கொண்டே. "ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வந்திருச்சு. அந்தப் பக்கத்துத் தோட்டமெல்லாம் செவப்பாம். நம்ம டிவிஷன் பேரே இல்ல. பதினஞ்சு மில்லிமீட்டருக்கு யாரும் வீட்ட விட்டுப் போக வேண்டியதில்லன்னுட்டாங்க."

தாய்மார் மூச்சுவிட்டார்கள். ஒருத்தி சிரித்தாள்.

நாகலெட்சுமி கஞ்சிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். மில்லிமீட்டர். அந்தச் சொல்லைக் காலையிலிருந்து அவள் ஒருமுறைகூடத் தன் வாயால் சொல்லியிருக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு ஜன்னல் விளிம்பில் கிடந்த அடிமட்டத்தை எடுத்தாள். சின்னக் கோடுகளில் பதினைந்தை நகத்தால் எண்ணினாள். கட்டைவிரல் அகலம்கூட முழுதாக வரவில்லை. பிறகு பெரிய எண்ணைப் பார்த்தாள். அது அடிமட்டத்தின் அந்தக் கோடியில் இருந்தது, முக்கால் சாண் தள்ளி. தண்ணீர் அங்கேதான் நின்றது. அவள் காலில் கொட்டியது அந்தத் தண்ணீர்தான்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பிள்ள?" என்றார் நாகரத்தினம்.

"ஒண்ணுமில்லண்ணே."

அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மழையில் இறங்கி மேல் வளைவுக்கு ஓடினாள். போனில் சிக்னல் இல்லை. இன்னும் மேலே ஏறினாள். கையை உயர்த்திப் பிடித்தாள். எங்கேயோ போன் கோபுரம் விழுந்திருக்க வேண்டும், அல்லது கரண்ட் போயிருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து கீழே இறங்குகிற பாதையில் ஏற்கெனவே ஒரு மரமும் மண்ணும் விழுந்து கிடந்தன. அவள் சொன்ன எண் மட்டும் கீழே போய்ச் சேர்ந்திருந்தது. அதைத் திருத்துகிற எண் போக வழியில்லை.

அவள் திரும்பி லயத்தைப் பார்த்தாள். வரிசையாய்த் தகரக் கூரைகள், புகை. அவற்றுக்கு மேலே ஏழாம் நம்பர் மலை, தேயிலைச் செடிகளோடு, மழையில் கறுத்துப்போய். இத்தனை வருஷம் அதன் கீழேதான் தூங்கியிருக்கிறாள். அது தன்னைப் பார்க்கிறது என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

[கிகாவுக்கு மேலே டெரா என்று ஒரு முன்னொட்டு. கணினிக் கடைகளில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். கிகா, கிரேக்கத்தில் இராட்சதன். டெரா, அதைவிட மேல், கொடும்பிறவி. எண்கள் தலைக்குமேல் போனதும் பெயர் வைத்தவர்களும் பயந்துதான் போயிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பயந்தது பெரியதற்கு. சின்ன முன்னொட்டுகளுக்கு யாரும் பயங்கரப் பெயர் வைக்கவில்லை.]

5

இங்கே அவள் என்ன செய்வாள் என்று எனக்கு உடனே தெரியவில்லை. மூன்று வரைவு எழுதினேன். ஒன்றில் அவள் ஓடிப்போய் ஊரைக் கூட்டிக் கத்தினாள், எல்லோரும் கேட்டார்கள். அது பொய். இன்னொன்றில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதை நான் பாதியில் கிழித்தேன்.

மூன்றாவது இது: அவள் முதலில் தன் வீட்டுக்குப் போனாள். லெட்சுமணன் கூரை ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, நான் மழைய தப்பாச் சொல்லிட்டேங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அடிமட்டத்தைக் காட்டினாள். வார்த்தை தடுமாறியது. சின்னக் கோடு, பெரிய எண் என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அவன் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் பின்னால் ஏழாம் நம்பர் மலைக்குள் ஏறினான். அங்கே செடி வரிசைகளுக்கிடையே ஒரு வெடிப்பு கொஞ்ச நாளாகவே இருந்தது. ஒரு விரல் நுழையும். எல்லோருக்கும் தெரியும்.

அவன் இறங்கி வந்தபோது முழங்கை வரைக்கும் சேறு.

"கை போகுது," என்றான். "உள்ள தண்ணி ஓடுற சத்தம் கேக்குது."

கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்துத் துணிகளைத் திணிக்கத் தொடங்கினான். அவன் பயந்து அவள் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்த்தாள்.

நாகரத்தினத்திடம் சொன்னது அதற்குப் பிறகு. கோயில் முன்னால், பத்துப் பதினைந்து பேர் நிற்க, எல்லோர் முன்னாலும் சொல்லும்படி ஆயிற்று.

"ஆபீசுக்காரங்க தப்பாச் சொல்லலண்ணே. நான்தான் தப்பாச் சொன்னேன். அவங்க மில்லியான்னு கேட்டாங்க, நான் ஆமான்னுட்டேன். அது சென்டி. மில்லியில நூத்தம்பது. நாம செவப்புலதான் நிக்கிறோம்."

"நூத்தம்பதுன்னு இப்ப சொல்ற. காலையில பதினஞ்சுன்ன."

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

யாரோ சிரித்துவிட்டார்கள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கோணலாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

நாகரத்தினம் சிரிக்கவில்லை. "இங்க பாரும்மா," என்றார் மெதுவாக. "போன மழைக்கும் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போனோம். ரெண்டு நாள் கழிச்சி வந்தா வீட்டுக் காம்பராவுல அரிசியும் இல்ல, கோழியும் இல்ல. மலை அப்பிடியே நிக்குது. இன்னைக்கி ஆபீஸே வேணாங்கிறப்ப நான் எப்பிடி இவங்கள எழும்புங்கன்னு சொல்றது?"

பதில் சொன்னது லெட்சுமணன். பையைத் தோளில் மாட்டியபடி வந்து சேற்றுக் கையை நீட்டினான்.

"தலைவரே, நீங்க வந்து கைய விட்டுப் பாருங்க. அப்புறம் போகலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

நாகரத்தினம் போனார். திரும்பி வரும்போது நடையில் ஓட்டம் கலந்திருந்தது. "பிள்ளைகள முதல்ல தூக்குங்க," என்றார்.

6

ஓயா என்கிற ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர் மேட்டில் பாடசாலை இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே பாலத்தைக் கடந்துவிட வேண்டும். ஓயா செம்மண்ணாய் உருண்டு பாலத்தின் அடிப்பலகையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளை ஆளுக்கொன்றாய்த் தூக்கிக் கடத்தினார்கள்.

நாகலெட்சுமி கடைசியாக லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு கதவாய்ப் பார்த்து வந்தாள். கோடிக் காம்பராவுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டிலில் அம்மாக்கண்ணு குந்தியிருந்தாள். கொழுந்துக்காரி, தனி ஆள். குடிதண்ணீர்க் குழாயடியில் ஒருநாள் வந்த சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

"அக்கா, எந்திரிங்க."

"மாடு கண்டு போடப் போவுது."

"மலை வெடிச்சிருக்குக்கா."

"கேட்டேன். நீ காலையில ஒண்ணு சொன்னியாம், மத்தியானம் ஒண்ணு சொன்னியாம்." குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். மாடு முக்கியது. அம்மாக்கண்ணு அதன் முதுகைத் தடவினாள். "இந்த நேரத்துல விட்டுட்டுப் போனா ரெண்டும் செத்துரும். நீ போ. கண்டு விழுந்ததும் நான் வந்துர்றேன்."

நாகலெட்சுமி கையைப் பிடித்து இழுத்தாள். அம்மாக்கண்ணு உதறவில்லை, எழும்பவும் இல்லை. பாலத்துப் பக்கமிருந்து லெட்சுமணன் கூப்பிட்டான், மறுபடியும் கூப்பிட்டான். பலகை ஆடத் தொடங்கியிருந்தது. அவள் கையை விட்டாள்.

[விட்டாள் என்று எழுதியதை நீக்கிவிட்டு "கை நழுவியது" என்று எழுதிப் பார்த்தேன். மறுபடி பழையபடியே ஆக்கினேன். அவள்தான் விட்டாள்.]

அந்த இரவை நான் எழுதவில்லை. மழை, ஓயாவின் இரைச்சல், பிள்ளைகளின் இருமல். மலை சரிந்திருந்தாலும் அந்த இரைச்சலில் கேட்டிருக்காது. அதுதான் அந்த இரவு.

7

விடிந்தபோது மழை விட்டிருந்தது. ஆனால் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். பாடசாலையின் முன்புற விறாந்தையில் நின்று பார்த்தால் பாலத்தின் இந்த முனை தெரிந்தது, அந்த முனை தெரியவில்லை. லயம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. மலை இருக்க வேண்டிய இடத்திலும் வெள்ளை. அம்மாக்கண்ணு வந்திருக்கவில்லை.

பசித்த பிள்ளைகள் அழுதன. வெளிச்சம் வந்ததும் ஆட்களுக்குத் தைரியமும் வந்தது, தைரியத்தோடு எரிச்சலும் வந்தது.

"என்ன, மலை வந்துச்சா?" என்றான் ஒருத்தன், யாரையும் பார்க்காமல்.

"அதுவும் சென்டியா மில்லியான்னு கேட்டுட்டு வரும்," என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு. நாகரத்தினம்கூட வேறு பக்கம் பார்த்தார். லெட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டான்.

நாகலெட்சுமி தூணோடு ஒட்டி நின்றாள். காது சுட்டது. இனிமேல் வாழ்நாள் முழுக்க இந்தச் சிரிப்புத்தான் என்று தோன்றியது. அப்போது அவள் நெஞ்சுக்குள் ஒரு சொல் வந்தது. அவள் வரவழைக்கவில்லை, அதுவாகவே முழுசாக வந்தது.

சரிஞ்சிருக்கட்டும்.

ஒரு கணம் அது அவளுக்கு ஆறுதலாய் இருந்தது. பனி விலகும், மலை இல்லாமலிருக்கும், இவர்கள் வாய் அடைத்துப்போகும். அடுத்த கணம் கொட்டில் ஞாபகம் வந்தது. மாட்டின் முதுகைத் தடவிய கை ஞாபகம் வந்தது. நேற்றிலிருந்து மலைக்குப் பயந்தாள், ஆற்றுக்குப் பயந்தாள். இப்போது தன் நெஞ்சுக்கே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள், அது வெளியே கேட்டுவிட்டதோ என்று.

8

இங்கே எழுதுவதை நிறுத்தினேன். ஏனென்றால் அந்த ஆசை அவளுக்கு வருவதற்கு முன்னால் எனக்கு வந்திருந்தது. மலை சரிந்து விழாவிட்டால் கதை சப்பென்று போய்விடுமே என்று ஐந்தாம் பகுதியிலேயே நினைத்திருந்தேன். நீங்கள்? இவ்வளவு தூரம் வாசித்து வந்ததில், எங்கேயாவது?

ஒரு முடிவு இப்படி: பனி விலகுகிறது. லயம் இருந்த இடத்தில் சிவப்பாய் ஒரு பிளவு. எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கோடிக் காம்பரா இல்லை, கொட்டில் இல்லை. அவள் சொன்னது சரி. அது சரியாய்ப்போனதற்கு அம்மாக்கண்ணு—

முடிக்கவில்லை.

இன்னொன்று: பனி விலகுகிறது. மலை அப்படியே நிற்கிறது. கோடிக் காம்பராவில் புகை. கன்று எழும்பி நிற்கிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டே பாலத்தைக் கடக்கிறார்கள். வெடிப்பு இன்னும் வாயைத் திறந்தபடியே இருக்கிறது. அடுத்த பெருமழைக்கு நாகலெட்சுமி சரியான எண்ணைச் சரியான முன்னொட்டோடு சொல்கிறாள். சிவப்பு வருகிறது. கதவு கதவாய்த் தட்டுகிறாள். உள்ளே யாரோ அவளுக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, "பதினஞ்சு வந்திருக்கு," என்கிறார்கள். கதவு திறக்கவில்லை.

சந்தோஷமான முடிவு இதுதான் என்பீர்கள். எனக்கு முதலாவதைவிட இதுதான் பயம்.

9

என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். அவள் விறாந்தையிலிருந்து இறங்கினாள்.

"எங்க போற?" என்றான் லெட்சுமணன்.

"அக்காவக் கூட்டிட்டு வரப்போறேன்."

"இப்பயா? நீ போற நேரம் பாத்து மலை வந்துச்சுன்னா?"

"வரக்கூடாதுங்க," என்றாள்.

சத்தமாகச் சொன்னாள், விறாந்தையில் எல்லோருக்கும் கேட்கும்படி. சிரிப்பு நின்றது. லெட்சுமணன் அவள் பின்னால் இறங்கினான். இருவரும் பாலத்தின் தெரிகிற முனையைக் கடந்து தெரியாத முனைக்குள் போனார்கள். கொஞ்ச நேரம் அவள் குரல் மட்டும் வந்தது, அம்மாக்கண்ணு அக்கா, அம்மாக்கண்ணு அக்கா என்று. பிறகு அதையும் பனி மூடிக்கொண்டது.

அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் அந்த விறாந்தையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, விட்டுவந்த வீடு எதிர்க்கரையில். கொஞ்ச நேரத்தில் பனி விலகி எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு யாரும் சொல்லிவிடலாம். அடுத்த மழைக்கு அவள் வந்து கதவைத் தட்டினால் எழும்பிப் போவீர்களா? பனி விலகுவதற்கு முன்னால், இப்போதே சொல்லிவிடுங்கள்.